வயதுக்கும் பதவிக்கும் போட்ட முடிச்சு: மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் டெலிவரி பிரிவுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தரமணியிலிருந்து சிறுசேரி வரை நீளும் சென்னை மென்பொருள் அலுவலகங்களில், தலைமைப் பொறுப்புக்கு யார் வரவேண்டும், யார் அதில் நீடிக்கவேண்டும், யார் வெளியேற வேண்டும் என்று முடிவுசெய்யும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இதே துறையில் நிரல் எழுதியும், அணிகளை நடத்தியும், நேர்காணல் மேசையின் இரண்டு பக்கங்களிலும் அமர்ந்தும் பார்த்த அனுபவத்தில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். இந்த வயதில் இந்தப் பதவியில் இருந்தாக வேண்டும் என்று நம் துறை எழுதாமலே வைத்திருக்கும் கால அட்டவணையைக் கைவிடுங்கள். முப்பதுக்குள் லீட் (அணித்தலைவர்), முப்பத்தைந்துக்குள் மேனேஜர், நாற்பதுக்குள் சீனியர் மேனேஜர், அதற்குள் ஏறாதவர் தேங்கிப்போனவர் என்ற கணக்கு எந்த நிறுவனத்தின் கொள்கை ஆவணத்திலும் இல்லை. ஆனால் அப்ரைசல் கூட்டங்களிலும், ரெஸ்யூமேக்களைப் பிரித்தெடுக்கும் மேசையிலும், ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகும் அறையிலும் அதுவே ஆட்சி செய்கிறது. இளையவரை “இன்னும் பக்குவம் வரவில்லை” என்று நிறுத்திவைப்பதும், மூத்தவரை “இனி இவருக்குப் புதிதாக ஒன்றும் ஏறாது” என்று ஒதுக்குவதும் அந்த ஒரே அட்டவணையின் விளைவுகள்தாம். ஒன்றை மட்டும் திருத்தி மற்றதை விட்டுவைத்தால் இரண்டுமே அப்படியே நீடிக்கும்.

இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நம் தொழிலின் வருமானம் நெடுங்காலமாக ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பில் போட்டுப் பெறுவதாகவே இருந்துவந்திருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட்டின் அடியில் ஃபிரெஷர்கள் நிறைய, நடுவில் சிலர், உச்சியில் ஓரிருவர் என்று பிரமிடு அமைந்தால்தான் கிளையண்ட் கொடுக்கும் தொகையில் இலாபம் நிற்கும். கல்லூரி வளாகத்திலிருந்து நேரே வருபவருக்கு ஆண்டுக்கு 3 முதல் 4 இலட்சம் ரூபாய் என்ற தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரின் சம்பளமோ அதைப்போலப் பல மடங்கு. பிரமிடின் அடி ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போனவரை இதில் யாருக்கும் வலி தெரியவில்லை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்குக் கீழே சில ஆண்டுகளில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள், அவரும் தானாகவே மேனேஜர் ஆகிவிட்டார். வளர்ச்சி மந்தமானதும் நடுப்பகுதி வீங்கிவிட்டது என்ற பேச்சு எழுந்தது.

2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்வதற்காக 1990களின் பிற்பகுதியில் கூட்டம் கூட்டமாக எடுக்கப்பட்டவர்களும், 2000இல் டைடல் பார்க் திறக்கப்பட்ட காலத்தில் வேலைக்கு வந்தவர்களும் இன்று ஐம்பதை ஒட்டி நிற்கிறார்கள். ஐம்பது வயதுப் பொறியாளர்களை இத்தனை பெரிய எண்ணிக்கையில் நம் துறை இதற்குமுன் கண்டதில்லை. இரயில்வேக்கும் மின்வாரியத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் பழகிப்போன ஒரு நிலை நமக்குப் புதிது என்பதை நான் ஏற்கிறேன். புதிது என்பதால்தான் இப்போது எடுக்கும் முடிவுகள், இன்று இருபத்தைந்து வயதில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதப்படும் விதிகளாக அமைந்துவிடும். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் சேவை நிறுவனமான டிசிஎஸ், தன் பணியாளர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை அந்த நிதியாண்டுக்குள் விடுவிக்கப்போவதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நடுநிலையிலும் மேல்நிலையிலும் இருப்பவர்கள் என்றும் அறிவித்தது. திறன் பொருந்தாமையும் வேறு பணிகளில் அமர்த்த வழியில்லாமையுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரு நிறுவனத்தைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. நடுநிலை, மேல்நிலை என்று சொன்னாலே நம் துறையில் அது நாற்பதைத் தாண்டியவர்களைக் குறிக்கும் அளவுக்கு வயதும் பதவியும் ஒன்றோடொன்று முடிச்சிடப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

இந்த முடிச்சு முதலில் பலிவாங்குவது நல்ல பொறியாளர்களை. எங்களோடு பணியாற்றிய ஒருவருக்குத் தரவுத்தளங்களில் அபாரமான கைத்திறன். இரவில் ஓடும் பேட்ச் வேலை (மொத்தத் தரவுச் செயலாக்கம்) ஒன்று காலை எட்டு மணி வரை இழுத்துக்கொண்டே போய், வங்கிக் கிளைகள் திறக்கும் நேரத்தில் கணக்குகள் தயாராகாமல் ஒரு வாரமாக எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் வந்து அமர்ந்து, குவெரி, அதாவது தரவைத் தேடும் கட்டளை, எந்த வழியில் ஓடுகிறது என்பதை மட்டும் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு இண்டெக்ஸ் (தேடல் சுட்டி) வரிசை மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். மறுநாள் இரவு அதே வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. அந்த ஆண்டு அவருக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் நிறைந்திருந்ததால், அட்டவணைப்படி அவரை மேனேஜர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அவருடைய நாள் டைம்ஷீட்டுகளுக்கும் விடுப்பு விண்ணப்பங்களுக்கும் எக்ஸெல் தாள்களுக்கும் எஸ்கலேஷன் அழைப்புகளுக்கும் போய்விட்டது. ஆட்களை நடத்துவதில் அவருக்கு விருப்பமும் இல்லை, இயல்பான திறமையும் இல்லை. மறுத்தால் ரேட்டிங் குறையும், சம்பள உயர்வு நின்றுவிடும் என்பதால் ஒப்புக்கொண்டார். பத்தாண்டு கழித்து அவரிடம் சொல்லப்பட்ட குறை, அவர் ஹேண்ட்ஸ்-ஆன் ஆக இல்லை, அதாவது தன் கையால் தொழில்நுட்ப வேலை செய்வதில்லை என்பது. அவர் கையிலிருந்த வேலையைப் பிடுங்கி வேறொரு நாற்காலியில் உட்காரவைத்ததும் நிறுவனம்தான், கையில் வேலை இல்லையே என்று அவரை அனுப்பிவைத்ததும் நிறுவனம்தான்.

இதில் இரண்டு பக்கமும் நட்டம் நேர்ந்தது. ஒரு தேர்ந்த பொறியாளரை நிறுவனம் இழந்தது. தலைமை தாங்கத் தெரியாத ஒருவர் தலைவராக அமர்ந்திருந்ததால் அவருக்குக் கீழே இருந்த பத்துப் பேரும் வழிகாட்டல் இன்றி வளர்ந்தார்கள். தலைமை என்பது வயது முதிர்ந்தால் தானாகக் கிடைக்கும் ஒரு படி என்று வைத்துவிட்டால், அதைச் செய்யக்கூடியவர் யார் என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. மேனேஜ்மெண்ட் தெரியாதவர்கள் மேனேஜர்களாக இருக்கிறார்கள் என்று இளைஞர்கள் புலம்புவதும், மேனேஜர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று நீங்கள் கவலைப்படுவதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வயது குறித்த முன்முடிவு மிக நாகரிகமாக, யாருக்கும் உறுத்தாமல் வேலைசெய்யும் இடம் அதுதான். ஜெனரேட்டிவ் ஏஐ பயிற்சிக்கு ஒவ்வோர் அணியிலிருந்தும் இத்தனை பேரின் பெயரை அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வருகிறது. அணித்தலைவர் பட்டியலைப் பார்க்கிறார். இளையவர்களின் பெயர்களை எழுதுகிறார். அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், மூத்தவரை ஒரு வாரம் விட்டால் ப்ரொடக்ஷனில் (பயன்பாட்டில் ஓடும் அமைப்பில்) சிக்கல் வந்தால் யார் பார்ப்பது என்பதும் அவருடைய நியாயம். தீய எண்ணம் எதுவும் அதில் இல்லை. அடுத்த ஆண்டும் அதுவே நடக்கிறது. பிறகு ஒருநாள் திறன் பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது மூத்தவரின் பெயருக்கு எதிரே புதிய தொழில்நுட்பக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. அவர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை என்று அந்த வெற்றுக் கட்டங்கள் சாட்சி சொல்கின்றன. பழைய அமைப்பைத் தாங்கிப்பிடிக்க அவர் வேண்டும் என்று சொல்லித்தான் அவரைப் பயிற்சிக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம் என்பது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை.

பழைய அமைப்புகளைத் தாங்குவது சிறிய வேலையும் அல்ல. 1959இல் உருவான கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் உலகெங்கும் வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் நடத்துகின்றன. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கத்தில் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசின் கணினிகள் திணறியபோது, அம்மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வருமாறு பொதுவெளியிலேயே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. தேவை வரும்போது தேடிப்போகும் அறிவு, தேவை வராத மாதங்களில் பெஞ்ச் செலவாக, அதாவது எந்த ப்ராஜெக்ட்டிலும் இல்லாதவருக்குக் கொடுக்கும் சம்பளமாக மட்டும் தெரிவது ஏன் என்று நீங்கள் யோசிக்கவேண்டும்.

நேர்காணல் அறைக்கு வருகிறேன். நாற்பத்தேழு வயது நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு வேலை தேடினார். ரெஸ்யூமேயில் பட்டம் பெற்ற ஆண்டை எடுத்துவிடும்படி கன்சல்டன்சிக்காரரே அவருக்குச் சொன்னார். இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தைப் ‘பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்’ என்று எழுதச் சொன்னதும் அவர்தான். நேர்காணலுக்கு முந்தைய நாள் மாலை முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, நெற்றியோரத்தில் படிந்த கறையை அவர் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். நேர்காணலில் தொழில்நுட்பக் கேள்விகள் நன்றாகவே போயின. கடைசியாக, “உங்களைவிட வயதில் சின்னவருக்கு ரிப்போர்ட் பண்ண உங்களுக்குச் சரிப்படுமா?” என்று கேட்டார்கள். சரிப்படும் என்று சொன்னார், உண்மையாகவே அவருக்குச் சரிப்படும். பதில் வரவில்லை. முப்பது வயதுக்காரரிடம், உங்களைவிட மூத்தவரை நடத்த உங்களால் முடியுமா என்று இதே அளவு சந்தேகத்தோடு எந்த நேர்காணலிலும் கேட்டு நான் பார்த்ததில்லை; அவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தச் சந்தேகத்தை அணியே அவரிடம் நாள்தோறும் காட்டுகிறது.

தன்னைச் சிறுவன் என்று எண்ணி, இவன் எப்படித் தீர்ப்புச் சொல்வான் என்று வழக்காட வந்த முதியவர்கள் தயங்கியதால், கரிகாலன் நரைமுடி சூடி முதியவனாக வந்து அமர்ந்து நீதி வழங்கினான் என்ற கதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்று நரை இல்லாதவன் நரையை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, இன்று நரைத்தவர் நரையை மறைக்க வேண்டியிருக்கிறது. அந்த முதியவர்கள் அரசனின் தலைமுடியைப் பார்த்தார்கள், தீர்ப்பைக் கேட்ட பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள். ஆள் யார் என்று பார்ப்பதற்கு முன்பே தலைமுடியைப் பார்த்து முடிவெடுக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் விடச் சொல்கிறேன்.

இளையவர் பக்கமும் இதே கனத்தோடு பேசப்படவேண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் இருவரில் ஒருவர் முதியவர்களைப் பற்றி வயதுசார்ந்த தப்பெண்ணம் கொண்டவர் என்று கூறியது. ஐரோப்பாவில் வயதின் பெயரால் பாரபட்சத்தைச் சந்தித்ததாகச் சொல்பவர்களில் இளையோரே மற்ற வயதினரைவிட அதிகம் என்பதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. நம் அலுவலகங்களில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இருபத்தொன்பது வயதில் ஒரு பெண் லீட் ஆகிறார். தீர்வை அவர்தான் வடிவமைத்தார், ரிலீஸை (மென்பொருள் வெளியீட்டை) அவர்தான் முன்னின்று நடத்துகிறார். கூட்டத்தில் கேள்வி எழும்போது மட்டும் எல்லோர் முகமும் அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாற்பத்தைந்து வயது ஆண் உறுப்பினரை நோக்கித் திரும்புகிறது. “மேனேஜர் யாரும்மா, அவரைக் கொஞ்சம் பேசச் சொல்லுங்க” என்று அவரிடமே கேட்கிறார்கள். “என் பொண்ணு வயசு” என்று பாசத்தோடு சொல்லப்படும் அதே சொற்கள், அவர் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டும் நாளில் அவரை அடக்குவதற்குப் பயன்படுகின்றன. வயதில் மூத்தவரிடம் பணிவு காட்டுவது நம் வளர்ப்பு, அதில் எனக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் ரிலீஸ் நாளன்று இரவு பத்து மணிக்கு, இதை இப்போது போடக்கூடாது, நாளைக்குத் தள்ளிவையுங்கள் என்று சொல்லும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதைக் கேட்பதற்கும் அந்தப் பணிவுக்கும் மோதல் வரத் தேவையில்லை. மோதல் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஒருவருக்கு லீட் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, அணியில் யார் முடிவு இறுதியானது என்பதை எழுத்தில் தெளிவாகச் சொல்லாமல் விடும்போது, அந்த வெற்றிடத்தை வயது நிரப்பிவிடுகிறது.

பெண்களுக்கு இந்த அட்டவணை இன்னொரு வகையிலும் பகை. இருபத்தெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் ஏறவேண்டிய படிகள் என்று நாம் வகுத்துவைத்திருப்பவை, பிள்ளைப்பேறும் குழந்தை வளர்ப்பும் வரும் அதே ஆண்டுகள். இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி எடுத்துத் திரும்பி வருபவர் வேலையில் பின்தங்குவதில்லை, அட்டவணையில்தான் பின்தங்குகிறார். பிறகு அவர் எத்தனை சிறப்பாகச் செய்தாலும் அவருடைய பேண்டுக்கு (பதவி நிலைக்கு) அவர் ‘வயது அதிகமானவர்’. 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் கருத்தரிப்போடு விமானப் பணிப்பெண்களின் வேலை முடிந்துவிடும் என்ற ஏர் இந்தியாவின் விதியை நீக்கியது. எழுதப்பட்ட விதி என்பதால் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்ல முடிந்தது. எழுதப்படாத விதியை எங்கே எடுத்துச்செல்வது?

வயதைப் பார்க்காமல் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே மனிதரின் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டலாம். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது, அதைச் சீர்செய்யும் பொறுப்பு முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. இரயில்வே ஆறு மாதக் கெடு வைத்திருந்தது, அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார், கடலில் கிடந்த பாலத்தின் கர்டர்களையும் (உத்திரங்களையும்) மீட்டுப் பொருத்தி 46 நாட்களில் வேலை முடிந்தது. அவரைவிட மூத்த பொறியாளர்கள் அன்று தெற்கு இரயில்வேயில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதே ஸ்ரீதரன் 1990இல் ஓய்வு வயதை எட்டினார். அத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க முடியாது. கொங்கண் இரயில்வேயின் தலைமை அவரிடம் கொடுக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து, ஆறுகளைத் தாண்டிப் போட்ட அந்தப் பாதை 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1997இல், அறுபத்தைந்து வயதில், டெல்லி மெட்ரோவின் பொறுப்பை ஏற்றார். 2002 டிசம்பரில் அதன் முதல் பாதை திறக்கப்பட்டபோது அவருக்கு எழுபது. அதன்பிறகும் 2011 முடியும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இன்றைய நம் அட்டவணையில் இவரை எங்கே பொருத்துவீர்கள்? முப்பத்திரண்டில் பாம்பனுக்கு அவர் மிக இளையவர், ஐம்பத்தெட்டில் கொங்கணுக்கு மிக மூத்தவர். அவருக்கு வேலை கொடுத்தவர்கள் அந்த இரண்டு தருணங்களிலும் பார்த்தது, இந்த வேலையை இவரால் முடிக்க முடியுமா என்பதை மட்டுமே.

புதிய முயற்சிக்கு இளமைதான் வேண்டும் என்ற நம்பிக்கையும் நம் துறையில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், மிக வேகமாக வளர்ந்தவற்றில் ஆயிரத்தில் ஒன்று என்ற உச்சியில் இருந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய நேரத்தில், 45 என்று கண்டறிந்தார்கள். நாம் ஆட்குறைப்புப் பட்டியலில் எழுதத் தொடங்கும் வயது அது.

உங்கள் நிறுவனங்களின் உச்சியிலேயே இதற்கு மாறான நடைமுறை நிலவுகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் நிர்வாக இயக்குநர் 70 வயது வரை பொறுப்பில் இருக்க இடமளிக்கிறது, அதைத் தாண்டினாலும் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானத்தோடு தொடரலாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் செயல்சாரா இயக்குநர்களுக்கு, அதாவது அன்றாட நிர்வாகத்தில் ஈடுபடாத இயக்குநர்களுக்கு, 75 வயதுக்கு மேல்தான் அத்தகைய தீர்மானம் தேவை என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி கூறுகிறது. இயக்குநர் குழுவில் நாற்பது ஆண்டு அனுபவம் நிறுவனத்தின் செல்வமாகப் போற்றப்படுகிறது, அது சரியும்கூட. அதே கட்டடத்தின் நான்காம் தளத்தில் இருபது ஆண்டு அனுபவம் ஏன் சுமையாகக் கருதப்படவேண்டும்? இயக்குநர் குழுவின் அறையில் நீங்கள் பின்பற்றும் அளவுகோலைத்தான் இந்தத் தளத்திலும் பின்பற்றக் கேட்கிறேன்: பெயரை முன்வைத்து, காரணத்தை எழுதி, தகுதியை விவாதித்து முடிவெடுங்கள்.

சட்டம் இதில் நமக்குப் பெரிய துணை இல்லை என்பதை நீங்களும் அறிவீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகள் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றன. வயது அந்த வரிசையில் இல்லை. அமெரிக்காவில் நாற்பது வயதைக் கடந்த பணியாளர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1967இலேயே வந்துவிட்டது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் எல்லா வயதினருக்கும் பாதுகாப்புத் தருகிறது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் வயதையும் உள்ளடக்கிய பணியிட நேர்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. உங்கள் கிளையண்டுகளில் பலர் இந்த நாடுகளில்தான் இருக்கிறார்கள், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள உங்கள் கிளைகள் அந்நாட்டுச் சட்டங்களுக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கின்றன. அங்கே கேட்கத் துணியாத கேள்வியைச் சோழிங்கநல்லூரில் கேட்பது எப்படி நியாயமாகும்?

இங்கே இருக்கும் பாதுகாப்பும் நாம் பேசும் முடிச்சினால்தான் கைநழுவிப்போகிறது. ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரே ஆட்குறைப்பில் முதலில் செல்லவேண்டும் என்ற பொதுவிதி 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மென்பொருள் நிறுவனங்களுக்குத் தொழிற்தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரைத் தொழிலாளர் என்ற வரையறை ஏற்பதில்லை. நியாயமான காரணம் இன்றி ஒருவரை நீக்கக்கூடாது என்று கூறும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. பதவிப் பெயரை அல்ல, ஒருவர் உண்மையில் செய்யும் வேலையைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன என்றாலும், அதை நிலைநாட்ட ஆண்டுக்கணக்கில் வழக்காட யாரால் முடியும்? அட்டவணைப்படி எல்லோரையும் நாற்பதுக்குள் மேனேஜர் ஆக்குகிறோம், மேனேஜர் ஆனதாலேயே அவர்கள் சட்டத்தின் நிழலை விட்டு வெளியே வந்து நிற்கிறார்கள்.

சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் எண்ணவில்லை. அமெரிக்காவின் சமவாய்ப்பு வேலைவாய்ப்பு ஆணையம், 2013 முதல் 2018 வரை ஐபிஎம் நிறுவனத்தில் நடந்த ஆட்குறைப்பில் வயதுப் பாகுபாடு நிகழ்ந்ததற்கு முகாந்திரம் உண்டு என்று 2020இல் முடிவுசெய்தது. அத்தகைய முடிவுக்கு வர முடிந்ததற்குக் காரணம், வெளியேற்றப்பட்டவர்களின் வயது விவரங்களைத் திரட்டிப் பார்த்ததுதான். விவரம் வெளிவரும்வரை ஒவ்வொருவரும் தன் திறமைக் குறைவால்தான் வெளியேற்றப்பட்டோம் என்று நம்பி, வீட்டில்கூடச் சொல்லாமல், காலையில் அலுவலகப் பையோடு கிளம்பி எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நான் அறிவேன்.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். மூத்தவரின் சம்பளம் அதிகம், அந்தச் சம்பளத்துக்கு ஏற்ற பில்லிங் கிடைக்கவில்லை என்பது உங்கள் உண்மையான சிக்கலாக இருந்தால், அதை அப்படியே சொல்லுங்கள். அது நேர்மையான பேச்சு, அதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். வேறு பணி, குறைந்த சம்பளம், பகுதிநேரப் பொறுப்பு என்று எத்தனையோ ஏற்பாடுகளுக்கு மனம் ஒப்பக்கூடியவர்களை நான் நேரில் அறிவேன். அதைவிட்டு, நேற்றுவரை நல்ல ரேட்டிங் பெற்றவரைத் திடீரென்று செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் போட்டு, எட்ட முடியாத இலக்கைக் கொடுத்து, நீயாக ராஜினாமா செய்கிறாயா நாங்கள் நீக்கட்டுமா என்று மூடிய அறையில் கேட்கும்போது, ஒரு கணக்குச் சிக்கலை ஒரு மனிதரின் திறமைக் குறைவாக மாற்றி எழுதுகிறோம். வேலை போனதைக்கூட ஒருவர் தாங்கிக்கொள்வார். இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு உனக்கு வேலை தெரியாது என்று எழுத்தில் வாங்குவதைத் தாங்குவது கடினம்.

பணிமூப்பைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்ந்த தேதியை வைத்துப் பதவி உயர்வு கொடுக்கும் முறை அட்டவணையின் இன்னொரு வடிவம்தான், அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்துகொண்டு, தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்காமல் பதுக்கி, இளையவர் மேலே வராமல் பார்த்துக்கொள்ளும் மூத்தவர்களும் உண்டு. அவர்களை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்குங்கள், ஆனால் அதற்குக் காரணம் அவர்களுடைய நடத்தையாக இருக்கட்டும். அதே நடத்தையுள்ள முப்பத்து மூன்று வயதுக்காரருக்கும் அதே முடிவு கிடைக்கட்டும்.

இனி நான் கேட்பவை. வேலை விளம்பரங்களில் ‘8 முதல் 12 ஆண்டு அனுபவம்’ என்று போடும் மேல்வரம்பை எடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச அனுபவம் வேலையின் தேவை, அதிகபட்ச அனுபவம் வயதுத் தடை. முதல்கட்டத் தேர்வில் பிறந்த தேதியும் பட்டம் பெற்ற ஆண்டும் தேர்வாளர் கண்ணில் படவேண்டிய அவசியம் இல்லை. ஆட்களை நடத்தாமல் தொழில்நுட்பத்திலேயே உயர்ந்துகொண்டு போகும் பாதை பெரும்பாலான நிறுவனங்களில் பெயரளவில் இருக்கிறது, அதற்குரிய இடங்களும் சம்பளமும்தான் இல்லை. மேனேஜர் பாதைக்கு நிகரான எண்ணிக்கையில் அந்த இடங்களைத் திறந்துவையுங்கள். மேனேஜராக இருந்தவர் மீண்டும் பொறியாளராக வர விரும்பினால் அது இறக்கம் என்று பதிவாகாமல் இருக்கட்டும். தலைமைப் பொறுப்புக்கு ஒருவரை எடுக்கும்போது, அவர் இருபத்தெட்டானாலும் ஐம்பத்தைந்தானாலும், ஒரு சிறிய அணியை ஒரு காலாண்டு நடத்தவிட்டு, அந்த அணியில் இருப்பவர்களிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்னதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் பெரிய செலவும் இல்லை. உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் மூன்று விவரங்களை ஐந்தாண்டு வயது அடுக்குகளாகப் பிரித்து, பெயர்கள் இல்லாமல், உங்கள் பணியாளர்களுக்கு வெளியிடுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டவர்கள் எந்த வயதினர், புதிய தொழில்நுட்பப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்கள் எந்த வயதினர், மேம்பாட்டுத் திட்டத்தில் வைக்கப்பட்டும் ஆட்குறைப்பிலும் வெளியேறியவர்கள் எந்த வயதினர். நான் சொல்வது மிகை என்றால் அந்த விவரங்களே என்னை மறுத்துவிடும். வரும் அப்ரைசல் சுற்றில் ரேட்டிங் கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே அந்த விவரங்கள் அணித்தலைவர்களின் கையில் இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் எவரேனும் இதைப் பற்றி நேரில் பேச முன்வந்தால், எங்கள் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயது லீட் ஒருவரையும் ஐம்பத்திரண்டு வயதுப் பொறியாளர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மகாபலிபுரம் சாலையில் பணிபுரியும் மென்பொருள் திட்ட மேலாளர்,
சென்னை.